சட்டப்படி ஒரு பல்பு

"கீத்துக் கொட்டாய்க்கு கரண்ட் கனெக்‌ஷன் குடுக்க மாட்டாங்களாம்" என்று சைக்கிளை விட்டு இறங்காமலே அறிவித்தார் ராயப்பன். "தீப்பிடிச்சா யாரு பொறுப்புன்னு இன்ஜினியர் கேக்கறாரு. நியாயந்தான?"

அமலோற்பவம் தலையில் அடித்துக்கொண்டாள். தோட்டத்துக் கொட்டகையில் கோழி வளர்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சின்னசேலத்தில் சொல்லிவைத்த இருநூறு குஞ்சுகள் அடுத்த வாரம் வருகின்றன. கல்வராயன் மலைக்காற்று இறங்கும் பருவம் வேறு. பல்புச் சூடு இல்லாவிட்டால் ஒன்றுகூடத் தேறாது.

"ஏங்க, அரிக்கேன் வெளக்கு வெச்சே காப்பாத்திடலாங்க. ஆபீஸுக்காரங்கள வூட்டுப் பக்கம் கூட்டிக்கினு வராதீங்க."

"ஏன் வரக்கூடாது? நாம இன்னா திருட்டுக் கரண்டா எடுக்கறோம்?"

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கதுரைக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டார். போன வருசம் தங்கதுரை மகளின் காதுகுத்துக்கு லைனில் கொக்கி மாட்டி சீரியல் லைட் எரியவிட்டபோது, டீக்கடையில் நாலு பேர் நடுவில் அவன் மானத்தை வாங்கியவர் ராயப்பன். "என் கொட்டாயில ஒரு பல்பு எரிஞ்சாலும் சட்டப்படிதான்டா எரியும்" என்று அன்று விட்ட சவடால்தான் இன்று அவர் கழுத்தைப் பிடித்தது. கரண்ட் வராவிட்டால் குஞ்சு போய்விடும். கொக்கி போட்டால் மானம் போய்விடும்.

பால் சொசைட்டியில் எழுத்தர் அவர். நைனார்பாளையத்தில் 'சட்டம்' ராயப்பன் என்றால்தான் தெரியும். மூன்று வருசத்துக்கு முன் கரண்ட் பில் ஜாஸ்தி என்று முடிவுகட்டி, கட்ட மாட்டேன் என்று மனு எழுதிப் போட்டார். பதிலும் வரவில்லை, வீட்டில் விளக்கும் அணையவில்லை. சட்டம் தன் பக்கம் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அதற்குப் பிறகு, பில் பேச்சை எடுத்தாலே ரத்தக்கொதிப்பு ஏறுகிறது என்று அந்த வேலையை மனைவியே வாங்கிக்கொண்டாள். தங்கமான மனுஷி. விடிந்தும் விடியாமலும் துரட்டியோடு வேலியோரத்து முருங்கையில் கீரை பறிக்கப் போவாள், பொழுது சாய்ந்தால் மறுபடியும் போவாள். அந்தக் கீரை ஏன் தட்டுக்கு வருவதில்லை என்று ராயப்பன் ஒருநாளும் கேட்டதில்லை.

கீற்றைப் பிரித்துவிட்டு சிமெண்ட் ஷீட் போடுவதாக ஏற்பாடு. கீற்றைப் பிரித்தாகிவிட்டது. ஷீட் வருவதற்குள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. வழி நெடுக மரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. குஞ்சுகள் மட்டும் சொன்ன நாளில் சைக்கிள் கேரியரில், வயல் வரப்பு வழியாகவே வந்து இறங்கின.

கூரையில்லாத கொட்டகையில் எங்கே விடுவது? படுக்கையறையில் விட்டார்கள். ராயப்பன் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குக் குடிபோனார்.

"ராவுல மட்டும் பல்பு எரியட்டுங்க. பகல்ல வாணாம், வெயில் இருக்குதில்ல?" என்றாள் அமலோற்பவம்.

"அறிவிருக்குதா உனக்கு? குளிர்ல சாவவா? நம்ம வூட்டுக் கரண்டு, ராப்பகலா எரியட்டும்!"

அவள் குஞ்சுகளைப் பார்த்தாள். அன்றிலிருந்து பகலிலும் பல்பு எரிந்தது.

அடுத்து போஸ்ட் கம்பம். கொட்டகை தள்ளி இருப்பதால் தனியாக ஒரு போஸ்ட் நட வேண்டுமாம். அதை ஏற்றிவந்த டிராக்டர்காரன் மறியலைக் கண்டு மிரண்டு, போஸ்டை ரோட்டிலேயே தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். புளியமரத்துக்குப் பக்கத்தில் அதுவும் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்து மறியல் செய்தது.

"தம்பிங்களா, இது என் கொட்டாய் போஸ்ட்டு" என்று போய்க் கெஞ்சினார்.

"போராட்டம் முடியட்டும் பெரியவரே."

யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? போஸ்டின் மேலேயே உட்கார்ந்து காவல் காத்தார். போலீஸ் வேன் வந்தது. ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரையும் ஏற்றினார்கள்.

"சார், நான் போஸ்ட்டுக்காக உக்காந்திருக்கேன்!"

"எந்தப் போஸ்ட்டுக்கா இருந்தாலும் ஏறுய்யா."

கல்யாண மண்டபத்தில் அடைத்து எலுமிச்சைச் சாதம் கொடுத்து, சாயந்திரம் விட்டார்கள். வெளியே வந்தவருக்கு யாரோ மாலை போட்டார்கள். வேற்றுச் சாதிக்காரர் நம்மோடு உள்ளே வந்தாரே என்று பையன்களுக்கு நெகிழ்ச்சி. போஸ்டைத் தோளில் தூக்கிவந்து தோட்டத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். ராயப்பன் மாலையைக் கழற்ற மறந்துபோய் நின்றார்.

ஒரு வழியாக ரோடு திறந்து, ஷீட் வந்து, மீட்டர் பெட்டியும் எர்த் கம்பியும் வைத்தாயிற்று. இன்ஜினியர் ஒரு மத்தியானம் லைன்மேன் அன்புச்செல்வனோடு வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு. இந்த ஊர்ல இப்படி முறையாப் பண்ற ஆள் கம்மி சார்" என்றார் ராயப்பனிடம்.

தங்கதுரை வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ராயப்பனுக்கு அது போதும், உச்சி குளிர்ந்துபோனது.

போகத் திரும்பிய இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். "அந்த முருங்கைக்கு மேல லைன்ல என்னய்யா தொங்குது? கொக்கியா?"

"கொக்கியேதான் சார்!" ராயப்பன் துள்ளினார். "இவனுக்கு இன்னும் புத்தி வரல பாருங்க!"

"ண்ணா, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா" என்றான் தங்கதுரை.

"நீ பேசாத!"

"ஏங்க, வெயில்ல நிக்கறாங்களே, உள்ள வந்து மோர் சாப்புடச் சொல்லுங்க" என்று அமலோற்பவம் இடையில் வந்து நின்றாள்.

"மோரு கெடக்குது! அந்தத் தொரட்டிய எடு."

அது முருங்கை மரத்திலேயே சாய்ந்திருந்தது. ராயப்பனே எடுத்து அன்புச்செல்வன் கையில் திணித்தார். "புடுங்கு! எவன் வூடு இருட்டானா இன்னா? சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."

அன்புச்செல்வன் தயங்கினான். பிறகு துரட்டியை நீட்டி இழுத்தான். கொக்கி கழன்று விழுந்தது.

தங்கதுரை வீட்டு ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. ராயப்பன் வீட்டுப் படுக்கையறையில் பல்பு அணைந்து, இருநூறு குஞ்சுகளும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன.

அன்புச்செல்வன் அமலோற்பவத்தின் பக்கம் குனிந்து மெதுவாகத்தான் கேட்டான். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"இன்னாக்கா, பில் கட்டலன்னு உங்க வூட்டு லைன நான் கட் பண்ண நாள்லேந்து, பொழுது விடிஞ்சா கொக்கிய எடுத்துடுவீங்களே... இன்னிக்கு மறந்துட்டீங்களா?"