வண்டைக் கொல்லாத வீரசேனன் படலம்

புழுதியைக் கவரியாய் வீசி, கரும்புகையைக் கொடியாய் உயர்த்தி, திண்டிவனம் விட்டு விழுப்புரம் நோக்கி உறுமி வந்த மாலைப் பேருந்தின் கடைசி சீட்டில் வீற்றிருந்த பத்தாம் வகுப்புப் பராக்கிரமன், மாயக்கதை மாரி பொழியும் நாவினன், மதியம் கதை சொன்ன மும்முரத்தில் சாப்பிடவே மறந்த மாவீரன், பத்மாம்பாள் பெற்ற பசிவேங்கை வீரசேனன் வாழ்க! அவன் டிபன் டப்பாவுள் மல்லாட்டை எனும் வேர்க்கடலைப் பொடி பூசித் துயின்ற இட்லி நால்வரும் வாழ்க!

விக்கிரவாண்டி தாண்டியதும் பஞ்சர் எனும் பகைவன் பின்சக்கரத்தைப் பிளக்க, தேர் சாய்ந்தது. மேற்கே பனந்தலைகளின் மேல் கதிரவனும் சாய்ந்தான். சமணக்குலத் தோன்றல் நடுங்கினான். பொழுது சாய்ந்தபின் அவன் வீட்டில் எவரும் உண்ணார். பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. டப்பாவைத் தேடினான். அந்தோ! அதை மார்போடு அணைத்திருந்தான் தோழன் சவுரிராயன், ஒன்பது நாள் கதை கேட்டு ஒன்பது நாளும் ஏமாந்த உக்கிரன்.

"ராட்சசன் சாவட்டும், தர்றேன்."

"டேய், பொழுது போவுதுடா! துன்னுட்டு சொல்றேன்."

"கடவுள் வாழ்த்து ஒரு நாளு, நாட்டு வளம் ரெண்டு நாளு, ராஜகுமாரி கூந்தலுக்கு மூணு நாளு, யானைய எண்ண மூணு நாளு! பேஜாரா போச்சுடா. இன்னிக்கு கொல்லு!"

கொல்வது எங்ஙனம்? நூறுதலை ராட்சசனின் உயிரோ ஏழுகடலுக்கு அப்பால், பொற்பெட்டிக்குள், ஒரு வண்டில் இருந்தது. வண்டை நசுக்கினால் ராட்சசன் மாள்வான். ஆனால் எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் குலத்தில் பிறந்தவன், கதையில்கூட வண்டை நசுக்குவானோ? ஆகவேதான் பெட்டி வரை வருவதும், கூந்தலுக்கும் யானைக்கும் ஓடி ஒளிவதும், கண்டக்டரின் விழுப்புரம் விசில் வண்டைக் காப்பதுமாய் ஒன்பது நாள் கழிந்தது.

கதிரவன் பாதியானான், நகத்துண்டானான். வயிறு முரசறைந்தது. அப்போது, தினமும் முன்சீட்டில் வந்து கதை கேட்கும் மல்லாட்டை வியாபாரி பாஞ்சாலி திரும்பினாள்.

"எத்தினி நாளா அந்த வண்டு பொட்டிக்குள்ள கெடக்குது, மூச்சு முட்டாதா? பாவம், எதையாவது ஒண்ணு ஜல்தியா பண்ணு தம்பி!"

மின்னல் வெட்டியது. வீரசேனன் சீட்டின்மேல் ஏறி நின்று முழங்கினான்:

"இளவரசன் பொட்டிய தொறந்துட்டான்! வண்டு பறந்துச்சு! 'ஐயோ, எம் உசுரு'ன்னு ராட்சசன் நூறு தலையோட அது பின்னாலயே ஓடிட்டான்! திரும்பி வரவே இல்ல! கத முடிஞ்சிச்சு, குட்றா டப்பாவ!"

பஸ்ஸே சிரித்தது.

"சாவலியேடா?" என்றான் சவுரிராயன்.

"தன் உசுரு பின்னால ஓட்றவன் இனிமே எங்க சண்டைக்கு வரப் போறான்? குட்றா, புள்ள பசியில கீறான்," என்று தீர்ப்பளித்தாள் பாஞ்சாலி.

டப்பா திறந்தது. இட்லி நால்வரும் அணிவகுத்து, வாய் எனும் குகை புகுந்து, மெல்லப்படாமலே வீரசுவர்க்கம் எய்தினர். நான்காவது இட்லி தொண்டைக் கணவாயில் திணறி நின்ற அக்கணமே ஞாயிறு மறைந்தது; சவுரிராயன் மனமிரங்கி நீட்டிய தண்ணீர்ப் பாட்டிலை, குலநெறி காத்த கொற்றவன் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தான்.

சக்கரம் மாத்தி பஸ்ஸு விழுப்புரம் வர்ற வரைக்கும் வீரசேனன் விக்கிக்கினே வந்தான்.