அந்த ஜாய்ஸ்டிக்கை மட்டும் வாங்கிராதீங்க!

வாங்குவதற்கு முன் நாலு இடத்தில் விசாரிப்பவரை யாரும் குறை சொல்ல முடியாது. விசாரித்துவிட்டு ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருபவர் பிழைக்கத் தெரிந்தவர். இந்த இருவர் மேலும் எனக்குப் புகார் இல்லை. நான் சொல்லவந்தது, விசாரணையை விட மனமில்லாமல் வாங்குவதையே விட்டுவிட்ட ஓர் இனத்தைப் பற்றி. வீதிக்கு ஒருவர் நிச்சயம். எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் மாடிக்கு ஒருவர்.

அடையாளம் காண்பது சுலபம். ஏதோ ஒரு பொருள் வாங்கப்போவதாகச் சொல்லிப் பாருங்கள். மின்விசிறியோ, செருப்போ, எதுவானாலும் சரி, முதலில் அவர் முகம் மலரும், எந்த மாடல் என்று கேட்பார், நீங்கள் சொல்வீர்கள், உடனே கண்ணை மூடி, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியின் உறவினரைத் தேடும் டாக்டரைப் போல மெல்லத் தலையை ஆட்டி, குரலைத் தாழ்த்தி, "எதை வேணா வாங்குங்க, அதை மட்டும் வாங்கிராதீங்க" என்பார். சரி, எதைத்தான் வாங்குவது? அதைச் சொல்லமாட்டார். சொன்னால் நீங்கள் வாங்கித் தொலைத்துவிடுவீர்களே!

நெருப்பெரிச்சல் பகுதியில் இருக்கும் எங்கள் கம்பெனி மாடிக்கு வாய்த்தவர் அருள்செல்வன். நான் பேக்கிங் பிரிவு. அவர் மெர்ச்சண்டைசர். அதாவது, சாயப்பட்டறையிலிருந்து வந்த நீலத் துணித்துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்புவார். அவன் 'இது நான் கேட்ட நீலம் இல்லை' என்று திருப்பியடிப்பான். இவர் மறுபடி அனுப்புவார். பதினாறு வருடமாக இதே வேலை. அத்தனை வருடம் பிறரிடம் 'சரியில்லை' கேட்ட மனிதருக்குத் தானும் ஒரு தடவை 'சரியில்லை' சொல்லிப் பார்க்க ஆசை வந்தது. ஒரு தடவையோடு நிற்கவில்லை.

கிருத்திகைக்குச் சிவன்மலை போவார். சாமிக்கு உடைக்கும் தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்து நான்காவது கடைக்கு அவர் வருவதற்குள் மேலே நடை சாத்தியிருக்கும். வீட்டு மிக்சியின் மூடி பழுதாகிப் பல வருடம் ஆகிறது. அவர் மனைவி சண்முகப்பிரியா மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சட்னி அரைக்கிறார். புது மிக்சி பற்றிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவரை ஒரு நோயாளி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அந்தப் பாவம் என்னுடையது.

நோயாளியின் பெயர் ஆரோக்கியராஜ். எங்கள் கம்பெனியில் கீழ்த்தளத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களின் ஃபிட்டர். உடன்குடிக்காரர். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த ஊசி வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஜூன் மாத மழையில் பைக் சறுக்கி விழுந்து வலது கால் எலும்பு முறிந்தது. முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனிக்குப் பின்னாலேயே அவர்களுடைய லைன் வீடு. மனைவி நதியா பக்கத்து யூனிட்டில் செக்கிங் வேலைக்குப் போய்விடுவார். தினமும் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்து பழகிய மனிதர், ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எங்கள் டிசைன் பிரிவில் பழையதை மாற்றியபோது வாங்கிவைத்தது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவர். கோயமுத்தூர் விமான நிலையத்தில் தன் கையால் ஒரு விமானத்தை ஒழுங்காக இறக்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் கீபோர்டு பொத்தான்களை அழுத்தி விமானம் ஓட்டுவது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு முறையும் ஓடுபாதைக்கு முன்னாலேயே சின்னியம்பாளையம் பக்கம் போய் மோதிக்கொண்டிருந்தார். அதனால் ஒரு ஜாய்ஸ்டிக், அதாவது விமானத்தை ஆட்டித் திருப்பும் குச்சி, வாங்க முடிவு செய்து, போனில் ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டார். பொத்தானை அமுக்கி ஆர்டர் போடுவது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில் நாங்கள் உள்ளே நுழைந்தோம்.

"ஏனுங்க ஆரோக்கியம், ஜாய்ஸ்டிக் வாங்கறீங்களாமா?" என்றார் அருள்செல்வன், நான் வழியில் சொன்னதை வைத்து.

"ஆமா சார். இந்தா, இதான் பாத்து வச்சிருக்கேன்."

அருள்செல்வன் போனை வாங்கிப் பார்த்தார். கண் மூடியது.

"அதை மட்டும் வாங்கிராதீங்க. உள்ள இருக்கறது சாதா சென்சாருங்க. ஒரு வருசத்துல தேஞ்சு போயிரும். காந்த சென்சார் வெச்சதாப் பாக்கோணும்."

"ஆறு வாரத்துக்குத் தேயாதுல்லா சார்?"

"அப்பறம் த்ராட்டில் தனியா இருக்கோணுமுங்க. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் கொறைக்கற லீவருங்க அது. இதுல பாருங்க, அடியில சுண்டுவெரல் நீளத்துக்கு ஒண்ணை ஒட்டி வெச்சிருக்கான்."

"எனக்கு அது போதும் சார்."

"போதும்னு நெனைக்கறதுதானுங்க தப்பு. அது போக, பெடல் வேணும். வெமானம் தரையில ஓடறப்ப மூக்கைத் திருப்பறது காலாலதான். குச்சியை முறுக்கித் திருப்பறதெல்லாம் சின்னப் பசங்க வெளையாட்டுங்க."

நான் அந்தக் காலைப் பார்த்தேன். டீ கொண்டுவந்த நதியாவும் பார்த்தார். காலுக்குச் சொந்தக்காரரும் பார்த்தார். பார்க்காதவர் ஒருவர்தான்.

"சார், கால்ல கட்டு போட்டிருக்கு."

"கட்டு என்னைக்கும் இருக்குமாங்க? ஒரு பொருள் வாங்கறப்ப பின்னால வர்றதையும் யோசிக்கோணும். ஒரு வாரம் பொறுங்க. நான் பாத்துச் சொல்றனுங்க."

ஆரோக்கியராஜ் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அவ்வளவு நேரம் தெளிவாக இருந்த மனிதர், ஏமாறப் பார்த்தோமே என்று வெட்கப்பட்டதுபோல் இருந்தது. இந்த இனத்தின் பலமே இதுதான். தன் சந்தேகத்தை அடுத்தவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விடும்.

இரண்டாவது வாரம் அருள்செல்வன் ஓர் அட்டவணை தயாரித்தார். நாற்பத்து மூன்று மாடல்கள், பத்தொன்பது கட்டங்கள், மூன்று வண்ணங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்சாதம், மறு கையில் போன். எங்கோ ஒரு வெள்ளைக்காரர் ஜாய்ஸ்டிக்கின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே காட்டிக்கொண்டிருப்பார். இணையத்தில் இதற்கென்று இருக்கும் குழுக்களில் இவருக்கு நல்ல மரியாதை என்று தெரிந்தது. கனடாவில் ஒருவர் இவர் பேச்சைக் கேட்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எனக்கும் கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருந்தது.

"நீங்க எதை வச்சு ஓட்டறீங்க?" என்று கேட்டேன்.

"நான் இன்னும் வாங்கலீங்க" என்றார், தயிர்சாதத்திலிருந்து மிளகாயைப் பொறுக்கி எடுத்தபடி. "பாத்துட்டு இருக்கறனுங்க. நாலு வருசமா."

இதற்கு நடுவில் ஆரோக்கியராஜுக்குத் தினம் ஒரு கேள்வி போனது. போர் விமானமா, பயணிகள் விமானமா? பயணிகள் விமானம் என்றால் குச்சியே கூடாது, ஸ்டியரிங் மாதிரி ஒன்று இருக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். மேசைப் பலகை எத்தனை மில்லிமீட்டர் கனம்? கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டுமே! பழைய தையல் மெஷினின் பலகையைத்தான் அவர்கள் மேசையாக வைத்திருந்தார்கள். நதியா ஸ்கேல் வைத்து அளந்து சொன்னார். அந்த அளவு போதாது என்று தீர்ப்பு வந்தது. முதலில் மேசையை மாற்ற வேண்டுமாம்.

மூன்றாவது வாரம் நதியாவே அருள்செல்வனை போனில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, எதையாச்சும் ஒண்ணச் சொல்லிருங்க. இந்த மனுசன ஒரு இடத்துல உக்கார வைக்க முடியல. சோறு கொழைஞ்சிட்டுன்னு சண்ட, ஃபேன் சத்தம் போடுதுன்னு சண்ட. கையில ஒரு வேல இருந்தாத்தான் அடங்குவாவ."

"ரெண்டே ரெண்டுல வந்து நிக்குதுங்க. இன்னொரு நாலு நாள்."

அந்த இரண்டு, பத்து நாள் இரண்டாகவே நின்றது.

நான்காவது வாரம், எட்டாம் நம்பர் மெஷினில் துணியில் கோடு விழுகிறது என்று யாரோ ஆரோக்கியராஜிடம் சொல்லிவிட்டார்கள். நதியா வேலைக்குப் போன பிறகு அவர் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி கம்பெனிக்கு வந்துவிட்டார். நிட்டிங் பிரிவின் வாசல்படியில் எண்ணெய்க் கசிவு. சறுக்கியது. கட்டுப் போட்ட கால்தான் அடியில் மாட்டிக்கொண்டது.

ஆட்டோவில் நானும் போனேன். நதியா அவர் காலைத் தன் மடியில் வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தார். ஆரோக்கியராஜ் அழுதார். மெஷின் விரலை நசுக்கிய அன்றுகூட அழாத ஆள். எலும்பு மறுபடி விலகிவிட்டது, புதுக் கட்டு, இன்னும் ஆறு வாரம் என்றார் டாக்டர்.

மாலையில் அருள்செல்வனிடம் சொன்னேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லமாட்டேன்.

"அடப் பாவமே" என்றார். பிறகு, "ஆனா ஒரு வகையில நல்லதாப் போச்சுங்க. அடுத்த மாசம் ஒரு புது மாடல் வருது. அவசரப்பட்டு வாங்கியிருந்தா ரொம்ப வருத்தப்பட்டிருப்பாரு" என்றார்.

கையில் இருந்த அட்டைப்பெட்டியை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று தோன்றியது. எண்ணி அடுக்கிய பெட்டி என்பதால் விட்டுவிட்டேன்.

மறுநாள் நதியா அரைநாள் லீவு போட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போனார். கண்ணில் பட்ட முதல் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தார்.

"விமானம் ஓட்டுத குச்சி இருக்கா?"

"என்ன மாடலுங்க பாக்கறீங்க?"

"காலு தேவைப்படாததா ஒண்ணு."

"முறுக்கினா திரும்பறது ஒண்ணு இருக்குதுங்க. வேகத்துக்கு அடியிலயே சின்ன லீவர் வெச்சிருக்கு."

"அதைக் குடுங்க."

கடைக்காரர் பில் போட்டு முடிப்பதற்குள் அவருடைய டீகூட ஆறவில்லை என்று நதியா பிறகு சொன்னார். நான்கு வருட ஆராய்ச்சி செய்ய முடியாததை ஒரு டீ ஆறும் நேரத்தில் செய்துவிட்டு, மதியம் வேலைக்கும் திரும்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள்செல்வன் சாத்துக்குடியோடு வந்தார். இந்த முறை நான் கூப்பிடவில்லை. வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அவராகவே என் பைக்கில் தொற்றிக்கொண்டார். ஆரோக்கியராஜ் கட்டிலில் சாய்ந்து, காலைத் தலையணையில் நீட்டி, பலகையின் முன் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு ஒளி வந்திருந்தது.

அருள்செல்வன் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். ஆட்டினார். முறுக்கினார். காதருகே வைத்துக் கேட்டார். கவிழ்த்து, அடியில் இருந்த ரப்பரை நகத்தால் சுரண்டினார். பிளாஸ்டிக் மட்டம். நடுவில் கொஞ்சம் லூஸ். லீவர் லொடலொடக்கிறது. பொத்தான் போதாது. சொல்லிக்கொண்டே போனார். ஆரோக்கியராஜின் முகம் மெல்லச் சுருங்குவதை நான் பார்த்தேன். நதியாவும் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்களேன். நாங்களும் தெரிஞ்சுக்கிடுதோம்."

"இல்லீங்க, சேர் உயரம் செட்டாகாதுங்க."

"தலாணி போடுதேன்."

தலையணை வந்தது. தப்பிக்க வழியில்லை. அருள்செல்வன் உட்கார்ந்து குச்சியைப் பிடித்தார். பிடித்த பிடியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, இப்படிப்பட்ட ஒன்றை அவர் ஓட்டுவதற்காகப் பிடிப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. லீவரைத் தள்ளினார். விமானம் ஓடுபாதையில் சீறிக்கொண்டு ஓடியது.

"தூக்குங்க சார்" என்றார் ஆரோக்கியராஜ்.

"தூக்கறனுங்க." முன்பக்கமாகத் தள்ளினார்.

"இழுக்கணும் சார்! உங்க பக்கமா இழுக்கணும்!"

இன்னும் பலமாகத் தள்ளினார். ஓடுபாதை தீர்ந்தது. புல் வந்தது. சுற்றுச்சுவர் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

"ஸ்பிரிங் கொஞ்சம் டைட்டுங்க" என்றார் அருள்செல்வன்.

ஆரோக்கியராஜ் குச்சியை வாங்கிக்கொண்டார். விமானத்தைக் கிளப்பினார், மேலே ஒரு வட்டம் அடித்தார், லீவரை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தபடி தாழ்ந்து வந்தார். சின்னியம்பாளையம் கீழே போனது. ஓடுபாதை நடுங்கிக்கொண்டே பெரிதாகியது. அவர் நாக்கைப் பல்லில் கடித்திருந்தார். விமானம் ஒரு துள்ளு துள்ளியது, இன்னொரு துள்ளு, பிறகு உருண்டு, வேகம் குறைந்து, கோட்டின் நடுவில் நின்றது.

"இறக்கிட்டாவ!" என்றார் நதியா, வாயைப் பொத்திக்கொண்டு. "இத்தன நாளும் முட்டிக்கிட்டேதான் இருந்தாவ. இன்னைக்குத்தான் மொதத் தடவ!"

ஆரோக்கியராஜ் குச்சியை விடவே இல்லை. சிரித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அருள்செல்வன் திரையையே பார்த்தார். அவர் கண்ணில் ஓர் ஏக்கம் தெரிந்ததை நான் மறுக்கமாட்டேன்.

திரும்பும்போது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: "நானும் ஒண்ணு வாங்கிரலாம்னு இருக்கறனுங்க."

"வாங்குங்க. அதே மாதிரியே ஒண்ணு வாங்குங்க."

இரண்டு வேகத்தடை தாண்டிய பிறகு, "அதேவா?" என்றார். அப்புறம் அவர் வீடு வரும்வரை அதன் குறைகள்.

மறுநாள் அட்டவணையில் நாற்பத்து நான்காவது வரிசை சேர்ந்திருந்தது. குறிப்புக் கட்டத்தில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார்: 'நேரில் ஓட்டிச் சோதித்தது. பரிந்துரைக்க இயலாது.'

சிரித்தீர்களா? சந்தோஷம். ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நதியா வாங்கிவந்தது எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. படிக்கும்போது அது உங்களுக்குக் கொஞ்சம் உறுத்தியதா? தவறவிட்டோமோ என்று மேலே போய் அந்தக் கடைப் பேச்சை இன்னொரு தடவை பார்த்தீர்களா? வாங்குவதற்கெல்லாம் இல்லை, சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் என்கிறீர்களா?

நாலு வருடத்துக்கு முன் அருள்செல்வனும் இதையேதான் சொன்னாராம்.