சர்வரை வேவு பார்த்த கதை

என் மீது எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. மற்ற எல்லோர் மீதும் வந்திருக்கிறது. அந்தக் குணத்தோடுதான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே சர்வர், அதாவது மற்ற எல்லாக் கம்ப்யூட்டர்களும் நம்பியிருக்கும் தலைமைக் கம்ப்யூட்டர், கொஞ்சம் தள்ளாடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து உட்காருவதால் அப்படி என்று புத்தியுள்ளவன் நினைத்திருப்பான். நானோ, யாரோ டிசைன்களைத் திருடிப் போட்டிக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

கறுப்புத் திரையில் ஒரு கமாண்ட் அடித்தால் போதும்; சர்வரில் என்னென்ன வேலை ஓடுகிறது, யார் பெயரில் ஓடுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று அவ்வப்போது குறித்துவைக்கும் கருவி உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தாலே தாராளம். (அதற்குள் திருடன் டீ குடித்துவிட்டுக்கூடத் திருடிவிடுவானே!) நொடிக்கு நொடி குறிக்கச் சொன்னேன். சர்வர் இன்னும் மெதுவானது. 'ஆஹா, உஷாராகிவிட்டான்' என்று கூடவே இன்னொன்றை ஓடவிட்டேன். அப்புறம் இன்னொன்று.

சந்தேகம் பேர்ல் என்பவர் மீது விழுந்தது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். தன் ஸ்கிரீனை யாரும் பார்க்க முடியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் சர்வர் ஏறக்குறைய நின்றேவிட்டது. பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் ஆகவில்லை. அது இல்லாமல் வண்டி நகராது. கப்பலைத் தவறவிட்டால் ஆர்டரே போய்விடும்.

"ஏனுங்க தம்பி, என்னங்க ஆச்சு?" முதலாளி ஓடி வந்தார்.

"சதிங்க. ஆளைப் புடிச்சுட்டனுங்க" என்றேன், பேர்லைப் பார்த்தபடி.

"என்னயவா சொல்லுதீய?" பேர்ல் எழுந்துவிட்டார்.

"ஸ்கிரீனை எதுக்குங்க திருப்பி வெச்சிருக்கீங்க?"

"ஜன்னல் வெயிலு கண்ணுல அடிக்கி. வேற எதுக்கு?"

நான் நம்பவில்லை. மீட்டிங் ஹாலின் பெரிய டிவியில், எல்லோர் முன்னிலையிலும், கருவி சேகரித்ததைத் திறந்தேன். சர்வரை அதிகம் இழுத்தவரின் பெயர் உச்சியில் வந்தது. என் பெயர்.

"பாத்தீங்களா! எம்பேரையே திருடியிருக்காங்க!"

"உங்க பாஸ்வேர்டு வேற யாருக்குங்க தெரியும்?" என்று கேட்டார் முதலாளி.

"யாருக்கும் தெரியாதுங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. நான் ஓடவிட்ட கருவிகள் ஒன்றையொன்று வேவு பார்த்து, குறித்துக் குறித்து, சர்வரில் எள் விழ இடமில்லாமல் நிரப்பியிருந்தன.

"மொதல்ல அத நிறுத்துங்க சார்" என்றார் பேர்ல். "பொறவு களவாணியப் பிடிப்போம்."

நிறுத்தினேன், சேர்ந்த குப்பையை அழித்தேன். பிரிண்டர் உறுமியது, வண்டி கிளம்பியது. பேர்லிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்த ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கிப் போடுங்க, போதும்" என்றார். முதலாளி அன்றைக்கே என்னைக் கடைக்கு அனுப்பினார்.

அவருடைய கார் ஓட்டுநர் எங்கள் குன்னத்தூர்க்காரர். நான் வீடு சேர்வதற்குள் கதை சேர்ந்துவிட்டது. போன வாரம்கூட, மிக்ஸியில் ஏதோ சத்தம் வருகிறதே என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உக்காரு சாமி" என்றார் அம்மா. "நீ பாக்காம இருந்தா அது பாட்டுக்கு ஓடும்."