மச்சானுக்கு, டீசல் தோற்ற விவரம்

மதிப்பும் பிரியமும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் எழுதிக்கொள்வது. எழுதிக்கொள்வது என்பது பேச்சுக்குத்தான். வாய் என்னுடையது, கை மருமகளுடையது. இங்கே என் இடது முழங்கால் தவிர எல்லோரும் நலம். அங்கே உங்கள் காது தவிர எல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன முறை வண்டி வாங்கப்போகிறோம் என்று நான் கத்தியதற்கு நீங்கள், ஆமாம் ஆமாம், வலித்தால் பிடுங்கிவிடுவதுதான் நல்லது என்று பதில் சொன்னீர்கள். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். புது வண்டி வந்ததும் அதில் ஏறி வந்து உங்கள் வீட்டில் பத்து நாள் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, எனக்காகக் கட்டில் வாங்கியிருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வண்டி வருகிறது. நான் வரவில்லை. ஏன் என்று கேட்பீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

பழைய காரின் பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது என்பது உங்களுக்கே தெரியும், உங்களை உள்ளே வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் டீ குடித்துவிட்டு வந்தோமே, அந்தக் கதவுதான். அந்தக் காரைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாம் என்று மகனும் மருமகளும் என்னையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே டை கட்டிய ஒருவர் ஒரு வண்டியைக் காட்டி, இதற்கு கிராஸ்ஓவர் என்று பெயர், கார் மாதிரி ஓடும், ஜீப் மாதிரி நிற்கும் என்றார். காருக்கும் ஜீப்புக்கும் காதல் கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மச்சான், ஏறி உட்கார்ந்து பார்த்தேன், குனியவும் வேண்டாம், காலைத் தூக்கவும் வேண்டாம், இடுப்பு உயரத்தில் இருக்கை, என் முழங்காலை அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. வண்டியில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் அதன் வயிற்றுக்குள் என்ன ஊற்றுவது என்பதில்தான்.

மகன் டீசல் கட்சி. அவன் தரைக்குப் போடும் டைல்ஸ் விற்கிறவன், எதிலும் கனம் பார்ப்பான், டீசலுக்குத்தான் இழுவை என்றான். எதை இழுக்கப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. மருமகள் பெட்ரோல் கட்சி. அவளுக்கு வீட்டிலிருந்து அவளுடைய ரத்தப் பரிசோதனை லேப், லேப்பிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி லேப், வண்டி சூடாவதற்குள் இறங்கவேண்டிய தூரம். டை கட்டியவர் இரண்டையும் ஓட்டிக் காட்டினார். டீசல் வண்டி கிளம்பியதும் அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரை வந்தது, கண்ணை மூடினால் உங்கள் பழைய ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பெட்ரோல் வண்டியில் ஏறி, எப்பப்பா ஸ்டார்ட் பண்ணுவீங்க என்று கேட்டேன். தாத்தா, நாம அடுத்த தெருவுக்கு வந்தாச்சு என்றார்.

நான் அங்கேயே மனசுக்குள் டீசல் கட்சியில் சேர்ந்துவிட்டேன். வெளியே சொல்லவில்லை. காரணம் மூன்று. டீசல் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே உங்கள் காதுக்கே கேட்கும், இது ஒன்று. தூரம் போகிறவர்கள்தான் டீசல் வாங்குவார்கள், வாங்கிய பிறகு கூடுதலாகப் போட்ட பணத்தை எடுக்கவாவது தூரம் போயே ஆகவேண்டும், இது இரண்டு. மூன்றாவதை எங்கள் பழைய காரைப் பார்க்கும் மெக்கானிக் சொன்னார். மருமகளுக்குப் பரிந்து டீசலைக் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"இப்ப வர்ற டீசல்ல புகைக்குழாய்க்குள்ள ஒரு ஃபில்டர் இருக்கு. ஊருக்குள்ளயே சுத்திக்கிட்டிருந்தா கரி அடைச்சிக்கும். அப்பப்ப ஹைவேல கொண்டுபோய் ஒரே வேகத்துல விரட்டணும். இல்லேன்னா மூச்சு முட்டி நின்னுடும்."

மருமகள், பார்த்தீங்களா என்பது போல மகனைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்பட்டேன். இப்படியும் ஒரு வண்டி உண்டா மச்சான், வெளியூர் கூட்டிப்போகாவிட்டால் கோபித்துக்கொள்ளும் வண்டி? வண்டியின் வைத்தியத்துக்கு ஹைவே வேண்டும், ஹைவேயின் அந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள். கூடவே நானும் ஏறிக்கொண்டால் யாருக்கும் தனியாகச் செலவில்லை.

காரியம் கெட்டது எங்கே என்றால், சாப்பாட்டு மேசையில். டை கட்டியவர் போன் செய்து, எது என்று இன்றைக்கே சொல்லுங்கள், மாதம் எவ்வளவு தூரம் ஓடும் என்று பாருங்கள், ஓட்டம் அதிகமென்றால் டீசல், குறைச்சலென்றால் பெட்ரோல் என்று சொல்லிவிட்டார். மகன், நம்ம ஓடாத ஓட்டமா, மாசத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது என்றான். மருமகள் சிரித்தாள். நம்பலேன்னா அப்பாவைக் கேளு, அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று மகன் என் பக்கம் கையைக் காட்டினான்.

நான் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியவன். டோக்கன் கிடையாது, சீட்டு கிடையாது, எழுத்தும் தெரியாது. எந்தச் சைக்கிள் யாருடையது, எந்த ஸ்கூட்டருக்கு எந்தப் பக்கம் கண்ணாடி உடைந்தது என்று முகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்தவன். அப்படிப்பட்டவனிடம் ஞாபகத்தைக் கேட்டால் என்ன செய்வேன்? 'ஞாபகமில்லை' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் டீசல் வந்திருக்கும். சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வரவில்லை. போன வருஷம் நாம் எங்கே போனோம் என்று ஆரம்பித்துவிட்டேன். மகனுடைய கூட்டாளி வீடு கட்டிக் குடிபோனதற்கு வண்டி பஞ்சர், பஸ்ஸில் போனோம். அணை பார்க்கக் கிளம்பியது ஊர் எல்லையில் வண்டி கழுவும் இடத்தோடு முடிந்தது, கழுவி முடிக்கவே மத்தியானமாகிவிட்டது. மச்சானைப் பார்க்கக் கிளம்பியது பாதி வழி. லேப்பில் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டதென்று போன் வந்தது, பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த மரத்தடியில் திரும்பினோம். மகன், "அப்பா, போதும்ப்பா" என்றான். மருமகள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க மாமா" என்றாள். முழுவதும் சொன்னேன். முழு வருஷத்து வெளியூர் ஓட்டத்தையும் கூட்டினாலும் மகன் சொன்ன ஒரு மாசக் கணக்குக்கே போதவில்லை. பெட்ரோல் என்று அன்றே போனில் சொல்லிவிட்டார்கள்.

என் கட்சியை நானே தோற்கடித்தேன். பெட்ரோல் வண்டி தூரம் போகாதா என்று கேட்பீர்கள். போகும். மகனுக்கு மனசு வராது. ஊருக்குள்ள ஓட்டத்தானே வாங்கினோம் என்பான். அதற்கு மூச்சும் முட்டாது, யாரும் விரட்டவும் வேண்டாம், லேப் வாசலிலேயே நிம்மதியாகக் கிடக்கும். நான் ஜன்னலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எங்கே போனோம் என்று கேட்டார்கள், சொன்னேன். எங்கே போகணும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இந்த வரியை எழுதமாட்டேன் என்கிறாள் மருமகள். எழுதும்மா என்றேன். எழுதிவிட்டாள்.

உங்களைப் பார்க்க வேறு காரியம் ஒன்றும் இல்லை மச்சான். இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் சரி என்று ஒத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஜீப் மழையில் நின்றுபோனது பாலத்துக்கு இந்தப் பக்கம் என்று நான் சொன்னால், கிடையாது, அந்தப் பக்கம் என்று சொல்ல உலகத்தில் மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்கள் தங்கை இருந்தவரை அவளும் உங்கள் பக்கம்தான் பேசினாள். இருந்தாலும் நின்றது இந்தப் பக்கம்தான்.

உங்கள் வீட்டில் உள்ள பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் என் வணக்கத்தையும் ஆசியையும் அவரவர் வயசு பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடவும். நடக்கும்போது தரையைப் பார்த்து நடக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்
(கீழே உள்ள வட்டம் நான் போட்டது. கையெழுத்து என்று வைத்துக்கொள்ளவும்.)

பின்குறிப்பு: வட்டம் போட்ட பிறகும் மருமகள் பேனாவை மூடவில்லை. இதுக்குத்தான் டீசல் வேணும்னு இருந்தீங்களா மாமா என்றாள். ஆமாம் என்றேன். வாயைத் திறந்து சொல்லக்கூடாதா என்றாள். யாரு கேட்டா என்றேன். எழுதியதை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு, "வண்டிக்கு மூச்சு முட்டாட்டி என்ன, உங்களுக்கு முட்டுதே. மாசம் ஒருதரம் ஹைவேல விட்டாத்தான் சரிப்படும்" என்றாள். லேப்பைப் பூட்டிவிட்டு அவளே ஓட்டிவரப் போகிறாளாம், போன் வந்தாலும் திரும்பமாட்டாளாம். மகன் பெட்ரோல் விலையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். நானும் வரேன் என்றான். மேலே வரவில்லை என்று சொன்னதையெல்லாம் அடித்துவிடச் சொன்னேன், கை வலிக்கிறது, இருக்கட்டும் என்கிறாள். ஆகவே கட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வண்டி கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம். ஒரே ஒரு சங்கடம், இது பெட்ரோல் வண்டி, சத்தமே இருக்காது. உங்கள் காதை நம்பி உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள். வாசலில் வந்து நில்லுங்கள்.