நோட்டரி முன்னால் எனக்கு நடந்த முதல் கல்யாணம்

கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலோர் படிப்பதில்லை என்பதும் தெரியும். நான் அவர்களையும் தாண்டியவன். நானே உட்கார்ந்து டைப் செய்த தாளையே படிக்காமல் சத்தியம் செய்யப் போனவன். அதன் பலனாக, சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சனிக்கிழமை காலை, வருங்கால மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எனக்கு ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்தும் ஆகிவிட்டது என்று ஒரு வக்கீலிடம் ஒப்புக்கொண்டேன்.

(அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அதுவரை ஒரு பெண்ணோடு தனியாகப் படம் பார்க்கப் போனதே ஒரே தடவைதான். அதுவும் மாலதியோடு.)

மாலதி திருச்சிப் பெண். தெம்பனிஸில் என் அலுவலகம் இருந்த கட்டடத்திலேயே, இரண்டு மாடி மேலே, வேறொரு கம்பெனியில் கணக்காளராக இருந்தாள். லிஃப்டில் தொடங்கிய பழக்கம். ஒரு வேலையும் இல்லாமல் அவள் மாடிவரை போய்விட்டு இறங்கி வந்த நாள்கள் உண்டு. ஒருவழியாக இரண்டு வீட்டிலும் சம்மதித்தார்கள். கல்யாணத்தைத் திருச்சியில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. நான் சிங்கப்பூர்க் குடிமகன். ஆகவே, எனக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி முன்னால் சத்தியம் செய்து, முத்திரை வாங்கி வரவேண்டும் என்று அங்கே பதிவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மாலதியின் அப்பா கோவிந்தராஜன், மகளைப் பார்க்கவும் அப்படியே என்னைப் பரிசோதிக்கவும் சிங்கப்பூர் வந்திருந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அடுத்து பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். பிறகு கொடுத்தவன் முகத்தைப் பார்ப்பார். எம்.ஆர்.டி. ரயில் வரைபடத்தை வந்த வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டார். "இவ்வளவு ரயில் ஓடுது, ஒரு டி.டி.இ.யைக் காணோமே மாப்ளே" என்பதுதான் இந்த நாட்டின்மேல் அவருக்கு இருந்த ஒரே குறை.

பத்திரத்தை வக்கீல் அலுவலகத்திலேயே தயாரித்துக் கொடுத்திருப்பார்கள். ஆனால் எனக்குக் கணினி தெரியும், ஆங்கிலம் தெரியும், அதை மாமனாரிடம் காட்டிக்கொள்ள ஒரு வாய்ப்புத்தான் தேவைப்பட்டது. என் அலுவலகத்தில் பாலா என்று ஒரு சீனியர் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அதற்கு முந்தைய வருஷம்தான் சென்னையில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். அவரிடம் இதே மாதிரி ஒரு பத்திரம் இருந்தது.

"என்னோடத வச்சுக்க லா. பேரை மட்டும் மாத்து, வேலை முடிஞ்சது" என்று சிங்கப்பூர் 'லா'வோடு அனுப்பி வைத்தார்.

நானும் பேரை மட்டும் மாற்றினேன். அவர் இருந்த இடத்திலெல்லாம் நான். அவர் மணப்பெண் இருந்த இடத்தில் மாலதி. அடையாள அட்டை எண், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரி. பாலாவின் முதல் கல்யாணமும் அந்தத் தாளுக்குள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. (சட்ட ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் மூன்று வரியைத் தாண்டினால் எனக்குக் கண் சொக்கிவிடும். அந்த மூன்றாவது பத்தி முழுக்க ஒரே வாக்கியம்.)

சனிக்கிழமை காலை நானும் மாமனாரும் லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் மூக்கில் மல்லிகை வருகிறது. பூக்கடைகளில் சரங்களை அப்போதுதான் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தேக்கா ஈரச்சந்தையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பைகளோடு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். உலகம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைப்பு.

"டிராஃப்ட் நானேதான் போட்டேன் மாமா. வக்கீலுக்கு முத்திரை வைக்கிறதைத் தவிர வேலையே இல்ல" என்றேன். ரயிலிலேயே இதை இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

"பரவால்லையே" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

வக்கீல் அலுவலகம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே நகைக்கடை. மரப்படிகள் ஏறும்போது ஒவ்வொன்றும் முனகும். நோட்டரி ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மையார். பருத்திப் புடவை, கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி. என் அடையாள அட்டையைச் சரிபார்த்துவிட்டு, "நீங்க சத்தியம் பண்ணப் போறது என்னன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கணும். பெரியவரும் கூட வந்திருக்காரு. தமிழ்லயே சொல்லிடவா?" என்று கேட்டார்.

"தாராளமா சொல்லுங்க மேடம்" என்றேன் பெருந்தன்மையோடு.

"ஒண்ணு. உங்க பேரு செந்தில்குமார். நீங்க சிங்கப்பூர்க் குடிமகன்."

"ஆமா."

"ரெண்டு. குவீன்ஸ்டவுன்ல இந்த முகவரியில இருக்கீங்க."

"ஆமா."

மாமனார் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"மூணு. உங்களுக்கும் ஷெர்லிங்கிறவங்களுக்கும் நடந்த கல்யாணம் கோர்ட்ல முறைப்படி ரத்தாயிடுச்சு."

"ஆமா."

சொன்னது என் வாய். காது அப்போதுதான் கிளம்பி வந்துகொண்டிருந்தது.

"அந்தக் கல்யாணத்துல குழந்தைங்க இல்ல."

"ஆ..." என்று தொடங்கி அப்படியே நின்றேன்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "குழந்தைங்க இல்ல?" என்று என்னைக் கேட்டார். குரல் உயரவில்லை. ஓடும் ரயிலில் எத்தனையோ பேரைப் பிடித்து இறக்கிய குரல்.

"மாமா, இது பாலாவோட ஷெர்லி" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே உறைத்தது.

"பாலா யாரு?"

"என் ஆபீஸ் சீனியர். அவரோட பத்திரத்தை வச்சுத்தான் இதை நான்..."

"டிராஃப்ட் நீங்களே போட்டதாச் சொன்னீங்க."

நான் புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"டிக்கெட் எங்கன்னு கேட்டா, சிநேகிதன்கிட்ட இருக்குன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, மிஸ்டர் செந்தில்" என்றார். அன்று காலைவரை நான் மாப்பிள்ளை.

பாலாவையே கேட்டுவிடுவோம் என்று போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். (இதைவிட மோசமான யோசனை வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை.)

"அண்ணே, ஷெர்லி யாருன்னு கொஞ்சம் சொல்லுங்கண்ணே."

பாலா தணிந்த குரலில், "டேய், அந்தப் பேச்சை எடுக்காதன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வீட்ல ஆளு இருக்காங்க லா. அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

புது மனைவி பக்கத்தில் இருந்திருக்கிறார், பாவம். ஆனால் அந்த அறையில் அது வேறு மாதிரி ஒலித்தது.

நோட்டரி பேனாவை மூடினார். "தம்பி, இதுல நான் முத்திரை வைக்க முடியாது. எது உண்மையோ அதை எழுதி எடுத்துட்டு வாங்க" என்றார். மாமனார் எழுந்தார். மேசைமேல் இருந்த பத்திரத்தை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நான் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு படி இறங்கி வருவதற்குள் ஆளைக் காணோம்.

நகைக்கடை வாசலில் இல்லை. பூக்கடைப் பக்கம் இல்லை. தேக்கா உணவங்காடியில் மேசை மேசையாகப் பார்த்தேன். கையில் இந்த ஊர் போனும் கிடையாது அவருக்கு. வேறு வழியில்லாமல் மாலதியைக் கூப்பிட்டேன்.

"உங்கப்பாவைக் காணோம்."

"காணோமா? உங்களோடதானே வந்தாரு?"

"நான் டைவர்ஸ் ஆனவன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."



"எனக்கே தெரியாதே" என்றாள்.

தலையும் வாலும் இல்லாமல் ஏதோ விளக்கினேன். அவள் நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அங்கேயே நில்லுங்க, வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். வந்தாள். கோயில் பக்கம், சாப்பாட்டுக் கடைகள், பேருந்து நிறுத்தம் என்று இருவரும் தேடினோம். வெயில் ஏறிவிட்டது. என் புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஓரிடத்தில் நின்று, "உங்கப்பா வேணாம்னு சொல்லிட்டா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், "சொல்லிட்டா என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. அதனால மொதல்ல அவரைக் கண்டுபிடிங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் இது சிரிப்பில் முடியாமலும் போகலாம் என்று எனக்குப் பயம் வந்தது.

என் போன் அடித்தது. அம்மா.

"செந்திலு, உடனே வீட்டுக்கு வா."

"இப்ப முடியாதும்மா, ஒருத்தரைத் தேடிக்கிட்டு..."

"அவரு இங்கதான் உக்காந்திருக்காரு லா" என்றாள் அம்மா. அழுதுகொண்டிருந்தாள்.

ரயில்வேக்காரர் தனியாகவே ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் சரியாக மாறி, குவீன்ஸ்டவுனில் இறங்கி, எங்கள் அடுக்குமாடி புளோக்கை விசாரித்துப் போய்ச் சேர்ந்திருக்கிறார். பையனிடம் கேட்டால் பொய் வரும், பெற்றவளிடமே கேட்டுவிடுவோம் என்பது அவர் கணக்கு. அப்பா நான் படிக்கும்போதே தவறிவிட்டார். ஆகவே வீட்டில் அம்மா மட்டும்தான். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, என் பையன் தங்கம்" என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அம்மா என்ன செய்தாள் என்றால், நம்பிவிட்டாள்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும், "எப்படா பண்ணிக்கிட்ட? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வந்த பொண்ண நானா வேணாம்னு சொல்லியிருப்பேன்? நேஷனல் சர்வீஸுக்கு ஆர்மில இருந்தப்ப சில வாரம் வீட்டுக்கு வராம இருந்தியே, அப்பவா?" என்றாள்.

"அது டியூட்டிம்மா."

"அப்படித்தான் சொன்ன."

மாமனார் எங்கள் வீட்டுச் சோபாவில் கோப்பியோடு உட்கார்ந்து அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "விடுங்கம்மா, வளர்ந்த பிள்ளைங்க செய்யிறதுக்குப் பெத்தவங்க என்ன பண்ண முடியும்?" என்று அவர் சொல்ல, அம்மா இன்னும் அழுதாள்.

மாலதிதான் கையை நீட்டினாள். "அப்பா, அந்தத் தாளைக் குடுங்க."

வாங்கி, நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தாள். அதை நிதானமாக முழுவதும் படித்த முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். மூன்றாவது பத்திக்கு வந்ததும் விரல் நின்றது.

"அப்பா, இதுல கல்யாணம் நடந்த வருஷம் போட்டிருக்கு. பாத்தீங்களா?"

"ஷெர்லிங்கிற பேரைப் பாத்தேன். அதுக்கு மேல எங்க படிக்கிறது?"

"அந்த வருஷம் இவருக்கு வயசு பத்து."

அம்மா அழுகையை நிறுத்தினாள். "பத்தா? அப்ப தொடக்கநிலை நாலு. நான்தானே தினம் ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பெரிய வழக்கில் ஜெயித்தவள்போல மாமனாரைப் பார்த்தாள்.

அவர் தாளை வாங்கினார். என் பிறந்த வருஷத்தைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு தாளை மடியில் வைத்துவிட்டு, ரொம்ப நேரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பத்து வயசுன்னா அரை டிக்கெட்டுதான் மாப்ளே" என்றார்.

முதலில் மாலதி சிரித்தாள். அடுத்து அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மாவுக்கு அரை டிக்கெட் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள். நான் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி அந்த மரப்படிகளில் ஏறினோம். பத்திரம் மாலதி டைப் செய்தது, மாமனார் பரிசோதித்தது. நோட்டரி மூன்றாவது பத்திக்கு வந்ததும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இதையாவது காதுல வாங்கிட்டு ஆமான்னு சொல்லுங்க தம்பி. உங்களுக்கு இதுவரைக்கும் கல்யாணம் ஆகல" என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்" என்று கேட்டு, யோசித்து, அப்புறம்தான் ஆமா என்றேன். சிவப்பு முத்திரை விழுந்தது. அதையும் மாமனார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் ஷெர்லி எங்களை விட்டுப் போகவில்லை. நான் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால், "அவங்க ஏன் போனாங்கன்னு இப்பத்தானே தெரியுது" என்பாள் மாலதி. பிள்ளைகள் பிறந்த பிறகு முறைப்படி அவர் 'பெரியம்மா' ஆனார். மகள் பள்ளியில் குடும்ப மரம் வரையும்போது அவருக்கும் ஒரு கிளை கொடுத்துவிட, ஆசிரியை மிகுந்த நாகரிகத்தோடு என்னைப் போனில் அழைத்து, "வீட்டுச் சூழல் எல்லாம் நல்லா இருக்குங்களா?" என்று விசாரித்தார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன்னைப் பார்த்து எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று பாலாவுக்கு இன்னமும் தெரியாது.

அந்த மாடியில் இப்போது ஏதோ அழகு நிலையம். குவீன்ஸ்டவுனில் எங்கள் பழைய புளோக்கையும் இடித்துவிட்டார்கள். அம்மா எங்களோடு தெம்பனிஸில் இருக்கிறாள்.

மாமா ஞாயிறுதோறும் திருச்சியிலிருந்து கூப்பிடுவார். மகளிடம் பேசி, பேரப்பிள்ளைகளிடம் பேசி, கடைசியில் என்னிடம் வருவார். மழை, வேலை, உடம்பு எல்லாம் விசாரித்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரியவங்க சௌக்கியமா?" என்பார். ஷெர்லியைத்தான் கேட்கிறார். "சௌக்கியந்தான் மாமா" என்பேன். அதைக் கேட்காமல் ஒருநாளும் அவர் போனை வைத்ததில்லை.

போன வருஷக் கடைசியில் அவர் போய்விட்டார். துக்க வருஷம் என்பதால் இந்தத் தீபாவளிக்கு நாங்கள் பலகாரம் செய்யவில்லை. புதுச் சட்டைகூடப் போடாமல் சும்மா உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டோம். மாலதி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எதிரே உட்கார்ந்திருந்த மகள், தாத்தா மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பெரியவங்க சௌக்கியமா?" என்று கேட்டாள்.

"சௌக்கியந்தான் மாமா" என்றேன்.