பை வைத்தியம் பார்க்கும் அண்ணி எழுதுவது

அன்பும் மரியாதையும் உள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது. எல்லோரும் என்று எழுத இப்போது ஆள் இல்லாததால், நான் சுகம் என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பழரசக் கடைக்காரரை அழைத்து வந்து நம் கடையை அளந்து வாடகைக்குப் பேசி முடிக்கப்போகிறீர்கள் என்று தங்கச்சி போனில் சொன்னாள். வர வேண்டாம். கடையில் உங்களுக்கும் பாதி உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. "அண்ணன் போனதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா உள்ள வரலியே அண்ணி, ஆள் வருதுன்னு காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்று நீங்கள் கேட்டதும் நியாயம்தான். ஆனால் ஆள் வராததற்குக் காரணம் வேலை கெட்டுப்போனது அல்ல. அவர் போனதோடு கடையும் போய்விட்டது என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. பையோ சூட்கேஸோ, உள்ளே உட்கார்ந்து தைத்ததெல்லாம் நான்தான். முன்னால் உட்கார்ந்து பேசியது அவர். அந்தப் பேச்சுதான் கடை என்று ஆகிவிட்டது. புது ஆட்களோ சக்கரம் கழன்றாலும் ஜிப் அறுந்தாலும் போனைத்தான் தேய்க்கிறார்கள். சரி, போனுக்குள்ளேயே ஒரு கடை திறந்துவிட்டால் போகிறது என்று நானும் படிக்கக் கிளம்பினேன். சிரிக்க வேண்டாம், மீதியையும் படியுங்கள்.

நூலகத்து மாடியில் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். சுவரில் 'வலைத்தளம் உருவாக்கும் செய்முறைப் பயிற்சி' என்று ஒட்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்புக்கு அதில் வலை என்பதும் செய்முறை என்பதும் மட்டும் புரிந்தது. வலையென்றால் நூல் வேலை, செய்முறையென்றால் கை வேலை, இது நமக்குத் தெரிந்ததுதானே என்று கோணூசி, மெழுகு நூல், பெரிய கத்தரி எல்லாவற்றையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் இருந்த காவலாளி கத்தரியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "யாரைம்மா வெட்டப் போறே?" என்றார். உள்ளே போனால் ஊசிக்கே வேலையில்லை, வரிசையாகக் கம்ப்யூட்டர். டீச்சர் சின்னப் பெண், நிரந்தர ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "முதல்ல உங்க தளத்துக்கு ஒரு பேர் வைங்க" என்றாள். நம் கடைப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். 'இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது' என்று சிவப்பில் வந்தது. யார் எடுத்தது, எங்கள் போர்டு அங்கேயேதானே தொங்குகிறது, நேற்றுகூடத் துடைத்தேனே என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலி பார்லர்காரி, "அக்கா, அது எந்த ஊர்லயோ எவனோ எடுத்திருப்பான், விடுங்க, வேற வைங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் வைத்த பெயர் 'பை வைத்தியம்'. அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, உடனே கிடைத்தது.

ஏன் வேண்டியிருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. தளம் திறந்த அன்றே ஒரு பெரியவர் போன் செய்து, "இரைப்பைக்கு மருந்து குடுப்பீங்களா, சாப்பிட்டா எரியுது" என்றார். ஜிப்பும் கைப்பிடியும்தான் ஐயா மாற்றுவோம் என்றேன். அடுத்து ஒரு அம்மாளுக்குப் பித்தப்பையில் கல். கல்லை எடுத்துவிட்டுப் பையைக் கொண்டுவரச் சொல்கிற கடை இல்லை இது என்று விளக்குவதற்குள் தொண்டை வற்றிவிட்டது. பெயரை மாற்றிவிடலாமா என்று டீச்சர் கேட்டாள். ஆள் போன் செய்கிறதா இல்லையா, இருக்கட்டும் என்றேன்.

இன்னொரு கூத்து. தளத்துக்கு முன்கூட்டியே தைத்து வைத்த சட்டை மாதிரி ஒன்று தருகிறார்கள், நாம் பித்தான் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதில் 'எங்கள் குழு' என்று கோட்டும் டையும் போட்ட ஐந்து பேர் பல் தெரியச் சிரிக்கிறார்கள். அவர்களை எப்படி வெளியேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரர் தன் பெட்டியைக் கொண்டுவந்து, "அந்த நீல டை போட்டவர்கிட்டயே குடுத்துடுங்கம்மா, விவரமானவரா தெரியுது" என்றார். அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று சொல்லி நானே கைப்பிடி மாற்றிக் கொடுத்தேன். நல்ல வேலைக்காரர் என்று அவரைப் பாராட்டிவிட்டுப் போனார்.

இனி எழுதப்போவதைத் தங்கச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டாம். 'உரிமையாளர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் 'அவர்' என்று அடித்தேன். அவர் பெயரைச் சொல்லி எனக்கு என்றைக்குப் பழக்கம்? டீச்சர் குனிந்து பார்த்து, "எவர்க்கா?" என்றாள்.

"அவர்தான்."

"அவர் எங்க இருக்கார்?"

சொன்னேன். மூக்கு உறிஞ்சுவதை நிறுத்திவிட்டாள். "அப்ப உரிமையாளர் நீங்கதானேக்கா" என்று மெதுவாகக் கேட்டாள்.

மூன்றே எழுத்து. அழிக்க ஒரு விசை போதும். எனக்கு அன்றைய வகுப்பு முழுவதும் பிடித்தது. பார்லர்காரி தன் வேலையை விட்டுவிட்டு என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன், எழுத்துப்பிழை இல்லாமல். ஆனால் அடுத்த பக்கத்தில் 'எங்களைப் பற்றி' என்று இருந்ததை 'என்னைப் பற்றி' என்று மாற்றச் சொன்னபோது மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது அப்படியேதான் இருக்கும்.

ஆகவே கொழுந்தனாரே, கோபித்துக்கொள்ள வேண்டாம். கடையை யாருக்கும் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தாலும் கதவு திறக்காது, அளக்கிற டேப்போடு அந்த மனிதர் வந்தால் டேப்பைத்தான் முதலில் வெட்டுவேன், காவலாளி கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூத்தவள் என்ற பாத்தியதையில் உங்கள் நான்கு பேருக்கும் என் ஆசி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடப் பையைத் தரையில் இழுக்காமல் தோளில் மாட்டச் சொல்லவும், அடித்துணி போய்விடும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் கோரும்
அண்ணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் போன் வந்தது. "பை வைத்தியங்களா? தளத்துல பார்த்தேன். வீடு வீடா ஜூஸ் கொண்டுபோற பை, ஒரு மூட்டை கிடக்கு, எல்லா ஜிப்பும் பல்லை இளிக்குது. சீக்கிரம் வேணும்." கொண்டு வாங்க தம்பி என்று கடைக்கு வழி சொன்னேன். வழியை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அக்கா, அது நான் ஞாயித்துக்கிழமை அளக்க வர்ற இடமாச்சே" என்றார். அதேதான், பை எப்போது வருகிறது என்றேன். காலையிலேயே அனுப்புகிறாராம். எனவே வர வேண்டாம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரை அவசியம் அழைத்து வாருங்கள், டேப்பும் இருக்கட்டும். அளக்கப்போவது நம் கடையை அல்ல, வெயிலுக்குத் தார்ப்பாய் தைக்க வேண்டுமாம். அவருடைய வாசலுக்கு.