நாற்பது முட்டை உடும்பு

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது. எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் இரண்டு தரப்பும் சேர்ந்து என் மேல் வழக்குப் போடும். உடும்பின் பெயர் இருளப்பன். குளத்தங்கரைக் கபடி அணியில் அது பிடிக்காரர். பாடி வருகிறவன் புலிக்குப் பேரனாக இருந்தாலும் சரி, இருளப்பன் கணுக்காலைப் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. மூச்சுதான் போகுமே தவிர, கால் திரும்பி வராது.

அந்த அணி ஒரு முதலைக்குச் சொந்தம். முதலைக்குக் கபடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. காட்டின் பெரிய புள்ளிகள் எல்லாம் அணி வைத்திருந்தன, அதனால் அதுவும் ஒன்று வைத்திருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கோழி முட்டை. அந்தக் காலத்தில் முதலை தின்று மிஞ்சியதுதான் சம்பளம். ஒரு கரடி வருஷக் கணக்கில் ஆடி, கடைசியில் இடுப்பை உடைத்துக்கொண்டது. முதலை அதன் கையில் ஒரு முட்டை ஓட்டைக் கொடுத்து, கண் கலங்கி வழியனுப்பியது. கரடியும் அதை வாங்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனது. ஓட்டைக் கொடுத்ததைக் கூட உடும்பு பொறுத்திருக்கும். அந்தக் கும்பிடுதான் அதன் வயிற்றை எரித்தது.

மறுநாளே உடும்பு ஆடுகளத்தின் வாசல் கதவைக் கவ்விக்கொண்டது. ஒருவரும் உள்ளே போக முடியவில்லை. முதலை ஆள் வைத்து இழுத்துப் பார்த்தது. கதவு கையோடு வந்தது, உடும்பு கதவோடு வந்தது. அந்த வருஷப் போட்டி மொத்தமும் பாழ். கடைசியில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள், ஆட்டக்காரர் சங்கம் பிறந்தது. பத்து வருஷம் ஆடியவருக்கு நாற்பது முட்டைக்குக் குறைந்து யாரும் கொடுக்கக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி.

"யாரும் வாங்கவும் கூடாதுன்னு சேர்த்துக்க தம்பி" என்றது உடும்பு.

எழுதிக்கொண்டிருந்த கீரிக்குப் புரியவில்லை. "வாங்கறதுக்கு எதுக்குண்ணே தடை?"

"நம்ம பயலுகளை எனக்குத் தெரியும். முதலை அழுதா இவனுகளும் கூட உக்காந்து அழுவானுக. அப்புறம், இருக்கிறதைக் குடுங்க மொதலாளின்னு கையை நீட்டுவானுக."

கீரி சேர்த்துக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். உடும்புக்குத் தலைகால் புரியவில்லை.

வருஷங்கள் ஓடின. கீரி சங்கச் செயலாளர் ஆனது. உடும்புக்கு முட்டி தேய்ந்தது. பிடி மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் பிடிக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவே கொஞ்சம் நேரம் பிடித்தது. ஒருநாள் முதலை கூப்பிட்டு அனுப்பியது.

"இருளப்பா, நாற்பதுக்கு உன்னை வெச்சுக்க எனக்குக் கட்டுப்படியாகாது. இருபதுன்னா சொல்லு. இல்லேன்னா வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. மலை அணியும் கையை விரித்துவிட்டது, மூங்கில்தோப்பு அணியும் கையை விரித்துவிட்டது. உடும்புக்கு முட்டை ஒரு பொருட்டில்லை. வீட்டில் தின்ன ஆளில்லாமல் முட்டைகள் கூமுட்டையாகிக் கிடந்தன. அதற்கு வேண்டியது ஆட்டம். சுண்ணாம்புக் கோட்டுக்குள் நிற்கும்போது மட்டும்தான் அது உடும்பு. வெளியே வந்தால் வாலுள்ள ஒரு கிழம். இன்னும் ஒரே ஒரு வருஷம் உள்ளே நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான்.

"இருபதுக்குச் சம்மதம் மொதலாளி" என்றது.

விஷயம் பொழுது சாய்வதற்குள் சங்கத்துக்குப் போய்விட்டது. மறுநாள் உடும்பு சங்க அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றது. முன்னால் நின்ற ஆமை கால் கடுக்கிறது என்று கூட்டுக்குள் போய்த் தூங்கிவிட்டதால் வரிசை நகரவே இல்லை. ஒருவழியாக உடும்பு கீரியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

"சம்பளத்தைக் கூட்டிக் கேக்க படிவம் இருக்குண்ணே. குறைச்சுக் கேக்க படிவமே கிடையாது" என்றது கீரி.

"வெள்ளைத்தாள்ல எழுதித் தரேன் தம்பி."

"நீங்க போட்ட விதிண்ணே அது. வாங்கவும் கூடாதுன்னு சேர்க்கச் சொன்னதே நீங்கதான்."

"அது கரடி மாதிரி ஏமாந்தவனுக்குப் போட்டது. நான் ஏமாறலை. தெரிஞ்சேதான் கேக்கறேன்."

"கரடியும் தெரிஞ்சுதாண்ணே வாங்கிட்டுப் போச்சு."

உடும்புக்குக் கோபம் வந்தது. "என் முட்டை, என் முட்டி. நான் எவ்வளவுக்கு ஆடினா உனக்கென்னடா?"

கீரி வாசல் பக்கம் கையைக் காட்டியது. அங்கே அணியின் நட்சத்திர ரைடரான முயல், காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காலையில் முதலை அதைக் கூப்பிட்டு, "இருளப்பனே இருபதுக்கு வந்துட்டான், உனக்கு எதுக்கு ஐம்பது?" என்று கேட்டிருந்தது.

உடும்பு முயலைப் பார்த்தது. முயல் தரையைப் பார்த்தது. உடும்பு வெள்ளைத்தாளை மடித்து வாயில் போட்டு மென்றுகொண்டே வெளியே வந்தது. கீரி சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை என்பதுதான் அதற்கு இன்னும் கசந்தது.

அணிப் பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் முதலை ஈவிரக்கம் இல்லாத பிராணி அல்ல. ஆடுகளத்துக்குக் கோடு போடுகிற வேலை காலியாக இருந்தது. வாலைச் சுண்ணாம்பில் தோய்த்து நேராக நடந்தால் கோடு. சம்பளம் மூன்று முட்டை. கோடு போடுகிறவர்களுக்குச் சங்கம் கிடையாது என்பதால் ஆட்சேபணையும் கிடையாது. இருபதுக்கு ஆடினால் குற்றம், மூன்றுக்குக் கோடு போட்டால் சட்டப்படி சரி. உடும்பு கோடு போட்டது. அந்த வருஷம் போல அவ்வளவு நேரான கோடுகளைக் காடு பார்த்ததே இல்லை.

குளத்தங்கரை அணி தட்டுத் தடுமாறி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. எதிரே மலை அணி. கடைசிப் பாட்டு வரை இரண்டு பக்கமும் சமம். மலை அணியின் கடமான் பாடி வந்தது. வந்த வேகத்தில் முயலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. பிடிக்கப் பாய்ந்த இரண்டு பேரும் மண்ணைக் கவ்வினார்கள். கடமான் ஓரமாக வளைந்து நடுக்கோட்டைப் பார்த்து ஓடியது. அந்த ஓரத்தில்தான் உடும்பு சுண்ணாம்பு வாலோடு உட்கார்ந்திருந்தது.

யோசித்திருந்தால் செய்திருக்காது. கண் முன்னால் ஒரு கணுக்கால் போனது, பிடித்துவிட்டது.

"கபடி கபடி கப..." என்று கடமானின் மூச்சு நின்றது. மைதானத்தில் எழுந்த கூச்சலில் மரத்திலிருந்த பாதிப் பறவைகள் பறந்துவிட்டன. நடுவர் ஆந்தை இறங்கி வந்தது. ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது. அதனால்தான் அதை எல்லாரும் ஒருமனதாக நடுவராக ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

"பிடிச்சது யாரு? ஆட்டக்காரர்னா குளத்தங்கரைக்குப் புள்ளி, கோப்பையும் அவங்களுக்கு. வெளியாள்னா புள்ளி மலைக்கு" என்றது ஆந்தை.

"எங்க இருளப்பண்ணன்தாங்க! ஆட்டக்காரர்தாங்க!" என்று முயல் குதித்தது.

முதலையும் வாயைத் திறந்தது. அதற்குள் கீரி ஓடி வந்து அதன் காதில் சொன்னது: "ஆட்டக்காரர்னா நாற்பது முட்டையை எடுத்து வைங்க."

முதலை கோப்பையைப் பார்த்தது. தகரம். நாற்பது முட்டையை நினைத்துப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது.

உடும்பு காலை விடாமலே பல்லிடுக்கில் பேசியது. "நாற்பதும் வேணாம், இருபதும் வேணாம். சும்மாதான் ஆடினேன்னு எழுதிக்கங்க. கோப்பையைப் பயலுகளுக்குக் குடுங்க."

"சும்மாவா?" முதலையின் கண்ணில் ஒளி வந்தது.

கீரிக்கு மயக்கமே வந்துவிட்டது. "ஐயோ அண்ணே, இருபதையே நாம ஒத்துக்கலை! சும்மா ஆடலாம்னு ஆச்சுன்னா நாளைக்கு யாருக்கு முட்டை குடுப்பாங்க? மொதலாளி, இதை மட்டும் ஒத்துக்கிட்டீங்க, அடுத்த வருஷம் ஒருத்தனும் களத்துல இறங்க மாட்டான். சொல்லிட்டேன்."

முதலையும் கீரியும் தள்ளி நின்று பேசின. சங்கம் பிறந்த நாளிலிருந்து அவை எதிலும் ஒத்துப் போனதில்லை. அன்றைக்கு ஒத்துப் போயின. இரண்டும் சேர்ந்து வந்து ஒரே குரலில் சொல்லின: "இது ஆட்டக்காரர் இல்லீங்க. இங்க நடந்தது ஆட்டமே இல்லை. கோடு போடுற கிழம், கால் தடுக்கி விழுந்திருச்சு."

"அப்படியா இருளப்பா?" என்று ஆந்தை கேட்டது.

உடும்பு முயலைப் பார்த்தது. ஐம்பது முட்டை வாங்குகிற முயல் மறுபடியும் தரையைப் பார்த்தது. உடும்பு தன் வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் இழுக்காமலே, பிடியை விட்டது. கடமான் நொண்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டது. மலை அணிக்குக் கோப்பை.

ஆண்டுக் கூட்டத்தில் சங்கம் உடும்புக்கு மாலை போட்டு, 'விலை குறையா வீரர்' என்று பட்டம் கொடுத்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த முதலை இரண்டு வார்த்தை பேசும்போது வழக்கம்போலக் கண் கலங்கியது. இந்த வருஷம் நம் காட்டில் ஓர் ஆட்டக்காரர்கூடக் குறைந்த சம்பளத்துக்கு ஆடவில்லை என்று கீரி அறிக்கை வாசித்தது. கை தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. உடும்பு மாலையோடு எழுந்து நின்றது. அது என்ன செய்கிறது என்று அதற்கே தெரியவில்லை, எல்லாரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டது.

நீதி: வேலை கிடைக்காதவனை எந்த முதலாளியாலும் சுரண்ட முடியாது. ஆகவே உழைப்பாளிகளே, உங்கள் விலை குறையாமல் இருக்க வேண்டுமானால் வேலைக்குப் போகாதீர்கள்.